பட்டியலில் இல்லாத பதினோரு பேர்

போன மாதம் வேலையை விட்டேன். "ரிட்டயர் ஆகிட்டேன்" என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று. வயிற்றில் இரண்டாவது குழந்தை. முதல் பிரசவத்தில் பட்ட பாட்டைப் பார்த்த டாக்டரம்மா, இந்த முறை அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் தினமும் பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று ஆபீஸில் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சம்மதித்திருப்பார்கள். கேட்காமல் விட்டது சரியா என்று இன்று காலையில்கூட இட்லி வேகும்வரை யோசித்துக்கொண்டு நின்றேன்.

கடைசி நாளன்று பவித்ரா என் மேசைக்கு வந்தாள். குழுவில் எனக்கு அடுத்துச் சேர்ந்தவள்.

"அக்கா, இப்ப ஃபைலெல்லாம் ஏ.ஐ.யே எழுதிக் குடுத்துடுது. புதுசா வர்ற பிள்ளைங்க, 'அப்ப நாங்க என்னத்தக் கத்துக்கறது'ன்னு கேக்குதுங்க. நீங்க பாத்ததை நாலு பக்கம் எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன்."

"நான் என்னத்தப் பாத்தேன்?"

"அந்தச் சனிக்கிழமை பாத்தீங்கல்ல. அத எழுதுங்க. நான் அழுததை மட்டும் விட்டுடுங்க."

அவள் அழுததையும் எழுதத்தான் போகிறேன். அதற்குக் காரணம் நான்.

படிப்புக் கதை நீளமில்லை. வரதராஜன்பேட்டையில் பிறந்தேன். அப்பா பள்ளி ஆசிரியர். பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் முடித்தேன். சென்னையில் இரண்டு வருடம் போனில் பிறர் புகார்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை. பிறகு கல்யாணம், அரியலூரில் குடித்தனம். பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் இடம் கிடைத்தது. முகூர்த்த நாட்களில் கெட்டிமேளம் முடியும்வரை மீட்டிங்கை நிறுத்தி வைப்போம். கீழே தாலி கட்டியாகிவிட்டது என்று தெரிந்ததும் மேலே பேச்சு தொடரும்.

நாங்கள் செய்து கொடுத்தது டயாலிசிஸ் மையங்களுக்கான மென்பொருள். எந்த நோயாளிக்கு எந்தக் கிழமை, எந்த மிஷின், எந்த ஊரிலிருந்து யாரை எந்த வேன் ஏற்றி வர வேண்டும் என்று அது ஒதுக்கும். வேன் டிரைவர்களுக்கும் வீட்டாருக்கும் மெசேஜ் அனுப்பும். மென்பொருள் ஓடுவது எங்கள் மாடியில் அல்ல. எங்கோ ஓர் ஊரில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்களில், கிளவுடில். அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை.

என் மேலாளர் ரியாஸ், லப்பைக்குடிக்காட்டுக்காரர். என்னைவிட மூன்று வயது சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சார் என்பேன். "சார் வேணாம்க்கா, ஒரு மாதிரி இருக்கு" என்று பல முறை சொல்லிப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. மேலாளர் மேலாளர்தானே.

முதல் நாள் அவர் என்னைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"இதுல மூணு ஓடுது பாத்தீங்களா? மூணும் நம்ம புரோகிராமோட காப்பி. ஒன்ன அழிங்க."

"லைவா சார்?"

"லைவ்தான்."

"யாராவது இப்ப யூஸ் பண்ணிட்டு இருப்பாங்களே?"

"பண்ணிட்டுத்தான் இருப்பாங்க. அழிங்க."

"பேக்கப் இருக்குங்களா?"

"அக்கா, நீங்க அழிக்கிறீங்களா, நான் டீ குடிச்சிட்டு வரட்டுமா?"

அழித்தேன். மூன்று இரண்டானது. சேர்ந்த முதல் நாளே வேலை போயிற்று என்று நினைத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் திரையில் புதிதாக ஒரு வரி தோன்றியது. மூன்று.

"சார், இத யார் போட்டது?"

"யாரும் போடல. மூணு இருக்கணும்னு ஃபைல்ல எழுதி வச்சிருக்கோம். கண்ட்ரோலர்னு ஒன்னு இருக்கு. அதுக்கு இதத் தவிர வேற சோலியே கெடையாது. எழுதியிருக்கறதப் பாக்கும், உள்ளதப் பாக்கும். வித்தியாசம் இருந்தா சரி பண்ணும். மறுபடியும் பாக்கும்."

"எத்தன தடவ?"

"ஓயவே ஓயாது."

நான் இன்னொன்றை அழித்தேன். வந்தது. இரண்டை ஒன்றாக அழித்தேன். இரண்டும் வந்தன. ஏழு முறையோ எட்டு முறையோ அழித்துப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அக்கம்பக்கத்து மேசைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அன்று பஸ்ஸில் வரும்போது உள்ளங்கை வியர்த்துக் கொண்டே இருந்தது. பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். நான் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பவள். கேஸை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள். குழந்தை தூங்கும்போது மூக்கருகில் விரல் வைத்துப் பார்க்கிறவள். இதையெல்லாம் ஒரு கோளாறு என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். உலகத்தில் இத்தனை பெரிய மென்பொருள்கள் எல்லாம் இந்தக் கோளாறை நம்பித்தான் நிற்கின்றன என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கண்ட்ரோலருக்கு நான் ஒரு பெயர் வைத்தேன்: வார்டன். எங்கள் ஹாஸ்டலில் சாயங்காலம் வார்டன் பட்டியலோடு வந்து தலை எண்ணுவார். பட்டியலில் பெயர் இருந்து ஆள் இல்லையென்றால் தேடிப் பிடித்து வரச் சொல்வார். ஆள் இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார். பார்க்க வந்த சொந்த அக்காவாக இருந்தாலும் சரிதான். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. ஆபீஸில் எல்லோருக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. வார்டன் வேலையின் முதல் பாதியை, இல்லாதவரைத் தேடிக் கொண்டுவருவதை, நான் ரசித்தேன். இரண்டாம் பாதி எவ்வளவு கடுமையானது என்று புரிய வருடங்கள் ஆயின.

ரியாஸ் சாரிடம் ஒரு பழக்கம். "ஜெயங்கொண்டம் சென்டர் ஸ்லோவா இருக்கு சார், ரீஸ்டார்ட் பண்ணட்டுமா?" என்று கேட்டால் பதிலே வராது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"என்ன பண்ணட்டும்னு கேக்காதீங்கக்கா. என்ன இருக்கணும்னு சொல்லுங்க."

முதலில் எரிச்சலாக இருந்தது. வீட்டில்தான் புரிந்தது. தினமும் என் கணவரிடம் "பால் வாங்கிட்டு வாங்க" என்பேன். அவரும் கடமை தவறாமல் வாங்கி வருவார். சில நாள் ஃப்ரிட்ஜில் ஆறு பாக்கெட் கிடக்கும், சில நாள் அவர் வேலை பார்க்கும் ஸ்கூலில் பரீட்சை என்று ஒன்றுகூட இருக்காது. ஒரு நாள், "ஃப்ரிட்ஜ்ல எப்பவும் ரெண்டு பாக்கெட் பால் இருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு அவராகவே திறந்து பார்ப்பார். இரண்டு இருந்தால் சும்மா இருப்பார். ஒன்று இருந்தால் ஒன்று வாங்குவார். இதை ரியாஸ் சாரிடம் சொன்னபோது, "மச்சான நம்ம டீம்ல சேத்துடலாமாக்கா?" என்றார்.

மாற்றம் செய்ய ஒரு முறை இருந்தது. எதை மாற்ற வேண்டுமானாலும் ஃபைலில் எழுத வேண்டும். எழுதியவர் அல்லாமல் வேறொருவர் அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அழிக்கப்பட்ட ஒவ்வொரு வரிக்கும், "இது போனா யாருக்குப் போகுது?" என்று கேட்க வேண்டும். பதில் ஓர் ஊராகவோ ஆளாகவோ இருக்க வேண்டும். "சிஸ்டத்துக்கு" என்று சொன்னால் செல்லாது. பிறகு ஒப்புதல். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வார்டனின் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஓடும் காப்பிகளை வார்டன் நொடிக்கு நொடி எண்ணுவார்; ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்க்க மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று. அந்த மூன்று நிமிடத்தில் யாராவது விசைப்பலகைப் பக்கம் போனால், "கைய எடுங்க" என்பார். ரியாஸ் சாரின் குரல் உயராது. அதனால் இன்னும் பயமாக இருக்கும்.

இத்தனையும் தெரிந்தவள்தான் நான். தெரிந்துதான் செய்தேன்.

அரியலூர் மையத்தில் மதிய ஷிஃப்ட் ஒன்றைப் புதிதாகத் தொடங்கவிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் பகல், அந்த மையத்தின் தகவல்களைச் சேமிக்கும் டிஸ்க் நிரம்பிவிட்டது. புதிய பெயர்களை ஏற்ற முடியவில்லை. ரியாஸ் சார் தன் அத்தாவுக்குக் கண் ஆபரேஷன் என்று திருச்சியில் இருந்தார். நான் தனியாக இருந்தேன். அரியலூரை மட்டும் பார்க்காதே என்று வார்டனை நிறுத்தி வைத்தேன். பெரிய டிஸ்க் ஒன்றைக் கையாலேயே உருவாக்கி, எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து, மையத்தோடு இணைத்தேன். அருமையாக ஓடியது. உடனே ஃபைலிலும் எழுதிவிட்டு வார்டனைத் திரும்ப விட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். பாதி வரி எழுதியிருப்பேன், என் மகளை விட்டிருந்த குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன்.

"மேடம், இனியாவுக்கு ஃபிட்ஸ் மாதிரி வருது. சீக்கிரம் வாங்க."

ஓடினேன். காய்ச்சலில் வந்த வலிப்பு. இரண்டு நாளில் தேறிவிட்டாள்.

அதற்குப் பிறகு மறந்துவிட்டேன் என்று எழுதினால் எளிதாக இருக்கும். உண்மை அதைவிட மோசம். எனக்கு இரண்டு முறை நினைவு வந்தது. ஒரு முறை பஸ்ஸில், ஒரு முறை குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது. இரண்டு முறையும், நன்றாக ஓடுகிறதே, இப்போது தொட்டு எதையாவது கெடுத்துவிட்டால் என்ற பயம் வந்தது. அந்தப் பயத்துக்கு ஜாக்கிரதை என்று பெயர் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். எழுதியிருந்தது ஒன்று, உள்ளது ஒன்று என்று அரியலூர் மையம் மூன்று வாரம் ஓடியது.

நான்காவது வாரம் சனிக்கிழமை. காலை பத்தரை இருக்கும். கீழே மண்டபத்தில் நாதஸ்வரம் களைகட்டியிருந்தது. அரியலூர் மையத்தின் பொறுப்பு நர்ஸ் பிலோமினா சிஸ்டர் போனில் வந்தார். ஏலாக்குறிச்சிக்காரர். எப்போதும் சிரித்துக்கொண்டு பேசுகிறவர்.

"மேடம், மதிய ஷிஃப்ட்டக் காணோம்."

"லிஸ்ட் லோட் ஆகலையா சிஸ்டர்?"

"லிஸ்ட்டு இல்ல மேடம், ஷிஃப்ட்டே இல்லங்குது. காலை ஷிஃப்ட் மட்டுந்தான் காட்டுது. பதினோரு பேரு மேடம். ஒருத்தரு பேரும் இல்ல."

"போன் நம்பர் எங்கயாவது எழுதி..."

"எல்லாம் அதுக்குள்ளதான கெடக்கு. பதினொன்னுக்கு வண்டிக்காரங்களுக்கு லிஸ்ட்டு போவும். போவலன்னா அவங்க வேற ட்ரிப்புக்குக் கெளம்பிடுவாங்க. இவங்கல்லாம் செவ்வா, வியாழன், சனி ஆளுங்க. வியாழக்கெழம ஏத்துனது. இன்னைக்கு விட்டா செவ்வாக்கெழமதான். ரெண்டு மூணு பேரு தாங்க மாட்டாங்க மேடம்."

அரை மணி நேரம் இருந்தது. எனக்குக் காரணம் அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததை நானே நம்ப மறுத்தேன். திரையைத் திறந்து பார்த்தேன். பெரிய டிஸ்க் கழற்றப்பட்டுத் தனியாகக் கிடந்தது. பழைய டிஸ்க் மீண்டும் இணைந்திருந்தது, மதிய ஷிஃப்ட் என்ற ஒன்றே பிறக்காத மூன்று வாரத்துக்கு முந்தைய தகவலோடு. அழியவில்லை, கிடக்கிறது என்ற ஆறுதலில் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. கையாலேயே பெரிய டிஸ்க்கைத் திரும்ப இணைத்தேன்.

"வந்துடுச்சு மேடம்! பதினொன்னும் இருக்கு!" சிஸ்டர் கத்தியது பக்கத்து மேசைக்குக் கேட்டிருக்கும்.

போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பாட்டிலை மூடுவதற்குள் மறுபடியும் போன்.

"மேடம், திரும்பப் போயிடுச்சு."

மூன்று நிமிடம். வார்டன் தன் சுற்றை முடித்திருந்தார். பட்டியலில் இல்லாத டிஸ்க்கைக் கேட்டுக்கு வெளியே அனுப்பியிருந்தார். நான் மறுபடியும் இணைக்கப் போனேன்.

"அக்கா, கைய எடுங்க."

ரியாஸ் சார் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. நான் கையை மடியில் வைத்தேன். அவர் கண்ணாடிச் சுவருக்குப் போய் மார்க்கரால் நடுவில் ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் "வேணும்" என்று எழுதினார். மறுபக்கம் "இருக்கு" என்று எழுதினார்.

"சொல்லுங்க. என்ன வேணும்?"

"அரியலூர் மதிய ஷிஃப்ட். பதினோரு பேர். பெரிய டிஸ்க்."

எழுதினார். "என்ன இருக்கு?"

"பழைய டிஸ்க். காலை ஷிஃப்ட் மட்டும்."

எழுதினார். "ஃபைல்ல என்ன இருக்கு?"

"பழைய டிஸ்க் சார்."

"மாஷா அல்லாஹ். அப்ப வார்டன் சரியாத்தான் வேலை பாக்குது. காலைல என்ன மாறுச்சு?"

பவித்ரா எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"நான்தான் சார். அரியலூருக்கு மட்டும் வார்டன யாரோ நிறுத்தி வச்சிருந்தாங்க. மூணு வாரமா அப்படியே கெடந்துச்சு. மறந்துட்டாங்க போலன்னு ஒன்பதே முக்காலுக்குத் திரும்ப ஓட விட்டேன். சார், அந்தப் பதினோரு பேருக்கு ஏதாவது ஆச்சுன்னா..." அவள் அழத் தொடங்கினாள்.

அவள் செய்தது முழுக்கச் சரி. நிறுத்தி வைத்த வார்டனைத் திரும்ப ஓட விடத்தான் வேண்டும். தவறு என்னுடையது. அந்த நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் சரி செய்துவிடுவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்குள் ஒரு நியாயம் ஓடியது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் அரை நிமிடம் இருக்கும். பவித்ரா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற அந்த அரை நிமிடத்தை என் வேலை வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட முடிந்தால் நன்றாக இருக்கும்.

"நிறுத்தி வச்சது நான் சார்," என்றேன். "அந்தப் பெரிய டிஸ்க்க நான் கையால போட்டேன். இனியாவுக்கு முடியாம போன அன்னைக்கு. ஃபைல்ல எழுதல. அதுக்கப்புறம் ஞாபகம் வந்தும் எழுதல."

ரியாஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"டிஸ்க்கோட அளவு, பேரு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப எழுதுங்க. பவித்ரா, நீ வாசி. அழுதுகிட்டே வாசிச்சாலும் பரவால்ல, சத்தமா வாசி."

பவித்ராவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

எழுதினேன். ஆறே வரி. மூன்று வாரமாக எழுதாமல் விட்ட ஆறு வரி. ஒரு வரியை இரண்டு முறை அடிக்க வேண்டியிருந்தது. பவித்ரா வாசித்தாள். பழைய டிஸ்க்கின் வரியை நான் எடுத்திருந்த இடத்தில் நின்றாள்.

"இது போனா யாருக்குப் போகுது அக்கா?"

அந்த வரியை மறுபடியும் பார்த்தேன். அவசரத்தில் அதை நான் யோசித்திருக்கவில்லை. பழைய டிஸ்க்கில் இருந்தது எல்லாம் பெரியதில் இருக்கிறதா? மூன்று வாரத்துக்கு முன் நானே நகலெடுத்தேன். இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு மேல் பழையதில் புதிதாக ஏதாவது பதிவாகியிருந்தால்?

"காலை ஷிஃப்ட்காரங்களுக்கு," என்றேன். "இன்னைக்கு எடுத்த எடை, பிரஷர் எல்லாம் பழையதுல பதிஞ்சிருக்கும். அந்த வரி இருக்கட்டும். ரெண்டு டிஸ்க்கும் இருக்கணும்."

"அப்படிக் கேளு," என்றார் ரியாஸ் சார் பவித்ராவிடம்.

திருத்தினேன். மறுபடியும் வாசித்தாள். ஒப்புதல் கொடுத்தார். பத்து ஐம்பத்து மூன்று.

மூன்று பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. சிஸ்டரின் மூச்சும் பின்னால் மிஷின்களின் பீப் சத்தமும் கேட்டன. பத்து ஐம்பத்து நான்கு. பத்து ஐம்பத்து ஐந்து. என் கை தானாக மவுஸ் பக்கம் போயிற்று. பவித்ரா அதைப் பிடித்து மடியில் வைத்தாள்.

"மேடம், வந்துடுச்சு," என்றார் சிஸ்டர். குரலில் இந்த முறை கத்தல் இல்லை. "திரும்பப் போவுமா?"

"பாத்துட்டே இருங்க சிஸ்டர்."

ஒரு நிமிடம். "இருக்கு."

இரண்டு நிமிடம். "இருக்கு மேடம்."

மூன்று நிமிடம் தாண்டியது. வார்டன் வந்தார், பார்த்தார், எழுதியிருந்ததும் உள்ளதும் ஒன்றாக இருந்ததால் ஒன்றும் செய்யாமல் போனார். ஒன்றும் நடக்காததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

"இருக்கு மேடம்! இருக்கு!"

பதினோரு மணிக்குத் திரையில் வரிசையாகப் பச்சை டிக் விழுந்தது. டிரைவர்களுக்கு மெசேஜ் போய்விட்டது. பதினொன்று. கீழே அதே நேரம் கெட்டிமேளம் கொட்டினார்கள். பவித்ரா மேசையைத் தட்டி அதோடு சேர்ந்து தாளம் போட்டாள். ரியாஸ் சார், "எல்லாரும் டீ குடிங்க. யாரும் எதையும் தொடாதீங்க," என்றார். என்னிடம் மட்டும் மெதுவாக, "திங்கக்கிழமை இதப் பத்தி எல்லாருக்கும் நீங்கதான் எழுதணும்க்கா. பவித்ரா பேரு அதுல வரக் கூடாது," என்றார். சரி என்றேன்.

காலையில் பதிவான எடைகளைப் பெரிய டிஸ்க்கில் சேர்த்துச் சரிபார்த்துவிட்டு பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்தேன். சனிக்கிழமைகளில் காப்பகம் ஒன்றரைக்கு மூடிவிடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. திரையில் பதினொன்றும் பச்சையாக இருந்தது. ஆனாலும் எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆட்டோவை டயாலிசிஸ் மையத்துக்கு விடச் சொன்னேன்.

ஆள் படுத்திருந்த கட்டில்களை எண்ணினேன். பத்து. குழந்தை தோளில் நெளிந்ததில் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று கதவுப் பக்கத்திலிருந்து மறுபடியும் எண்ணினேன். பத்து.

"சிஸ்டர், ஒருத்தரக் காணோமே."

பிலோமினா சிஸ்டர் ஒருவருக்கு ஊசி போட்டு முடித்துத் திரும்பினார். "செல்லமுத்து ஐயா. திருமழபாடி. அதான் எனக்கும் ஒன்னும் ஓடல. மெசேஜ் போயிடுச்சுன்னுதான் காட்டுது. அந்த டிரைவருக்கு அடிச்சா சுவிட்ச் ஆஃப். ஐயா போன் அவரு மவன் கையில திருச்சியில இருக்கு."

பக்கத்தில் இன்னொரு வேன் டிரைவர் சேகர் அண்ணன் நின்றிருந்தார். அவர்தான் விஷயத்தைச் சொன்னார்.

"அவன் தூரத்து ட்ரிப்புன்னு எப்பவும் முன்னாடியே போனப் பாப்பான் மேடம். பத்தரைக்கு மேல ஒருக்கா ட்ரிப் இருக்குன்னு காட்டுச்சாம், ஒடனே ட்ரிப் ரத்துன்னு வந்துச்சாம். எனக்குப் போன் பண்ணி, 'இன்னைக்கு எனக்கு இல்லடா'ன்னு சொல்லிட்டு ஒரு கல்யாண வீட்டு ஆளுங்கள ஏத்திட்டு கும்பகோணம் போயிட்டான்."

நான் கையால் இணைத்த மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் ஒரு பட்டியல் தோன்றி மறைந்ததை ஒருவர் பார்த்திருக்கிறார். திரை அதைக் காட்டவில்லை. திரைக்குத் தெரிந்தது மெசேஜ் போனது மட்டும்தான்.

"மிஷின் எதுவரைக்கும் காத்திருக்கும் சிஸ்டர்?"

"நாலு மணிக்குள்ள ஏத்துனா நான் இருந்து பாத்துக்கறேன். நீங்க கூட்டிட்டு வாங்க."

சேகர் அண்ணனின் வேனில் ஏறினேன். குழந்தையை விட வேறு இடமில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். கீழப்பழுவூர் வரை முன்னால் சிமெண்ட் லாரிகள். ஒவ்வொன்றையும் முந்தும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கைக்குழந்தையோடு இப்படிப் போவது சரியா என்று ஒரு பக்கமும், இன்னும் வேகமாகப் போகக் கூடாதா என்று ஒரு பக்கமும் மனசு இழுத்தது.

திருமழபாடியில் கோயிலுக்குப் போகும் தெரு திரும்பும் இடத்தில் நிழற்குடை ஒன்று. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மிஷினில் இருக்கும்போது குளிரும் என்பதற்காக மடித்து எடுத்து வந்த போர்வை மடியில். காலும் முகமும் வீங்கியிருந்தன. பக்கத்தில் ஒரு சின்ன பாட்டிலில் கால்வாசித் தண்ணீர் இருந்தது. இவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அந்த வெயிலில் அவர் அதைத் தொடாமல் வைத்திருந்தார்.

"வண்டி மாறி வருது?" என்றார் சேகர் அண்ணனைப் பார்த்து.

"எப்ப வந்து உக்காந்தீங்கய்யா?" என்றேன்.

"பதினொன்ற இருக்கும். என்னைக்கும் வர்ற நேரந்தான்."

"இவ்வளவு நேரம்... வூட்டுக்குப் போயிருக்கலாமேங்கய்யா?"

"போனா எப்படி? வண்டி வந்துட்டுப் போயிடுச்சுன்னா? லிஸ்ட்டுல பேரு இருக்குன்னு வியாழக்கெழம சிஸ்டரு காட்டுனுச்சே. இருந்தா வரும்ல." பேசும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

நான் ஒன்றும் சொல்லாமல் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் காலையில் விட்ட அந்த அரை நிமிடம் எனக்குப் போதும் என்றிருந்தது.

"இல்லீங்கய்யா. காலைல லிஸ்ட்டுல உங்க பேரு இல்ல. நான்தான் அத எழுதாம விட்டவ. அதனாலதான் வண்டி வரல."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். குழந்தையைப் பார்த்தார்.

"இப்ப இருக்கா?"

"இருக்குங்கய்யா. எழுதிட்டேன்."

"அப்பறம் என்ன? வெயில்ல புள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிற. எங்கிட்ட குடு, நீ மொதல்ல ஏறு." கை நீட்டியவர் சட்டென்று நிறுத்தி மறுபக்கம் திரும்பினார். "இந்தக் கையில வெயிட்டு தூக்கக் கூடாது. ஊசி போடுற கை. அந்தப் பக்கம் குடு."

மூன்றே முக்காலுக்கு அரியலூர் மையத்தில் பதினோராவது மிஷினின் குழாயில் சிவப்பு ஏறியது. அது ஒரு சுற்று முழுதாகச் சுற்றி அவர் கைக்கே திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன்.